ஈரப்பதம் பார்த்தவனின் கிட்னி ரிப்போர்ட்

எங்கள் ஊரில் சொந்தமாக மாய்ஸ்சர் மீட்டர் வைத்திருக்கும் ஒரே ஆள் நான்தான். ஒரு பிடி நெல்லைப் போட்டு மூடினால் அதில் எத்தனை சதவீதம் ஈரம் இருக்கிறது என்று எண்ணில் காட்டும் கருவி அது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பதினேழைத் தாண்டினால் நெல்லை எடுக்க மாட்டார்கள். காயும்வரை குவியலோடு குவியலாக நாமும் கிடக்க வேண்டியதுதான். அங்கே இருக்கும் மெஷின் தப்பாகக் காட்டுகிறது என்று ஒரு சம்பா அறுவடையின்போது பெரிய சண்டை போட்டேன். அந்த வீறாப்பில் ஆன்லைனில் நானே ஒன்று வாங்கினேன். வந்த மெஷினும் அதே எண்ணைத்தான் காட்டியது என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

அதன்பிறகு குடவாசல் பக்கத்தில் எங்கள் சுற்றுவட்டாரத்துக்கே நான்தான் எண் பார்க்கும் ஆள் என்று ஆகிப்போனேன். அறுவடை நாளில் துண்டில் முடிந்த நெல்லோடு வாசலில் ஆள் நிற்பார்கள். இருபது என்று காட்டினால் உதட்டைப் பிதுக்குவேன். மறுநாள் ரோட்டில் காயவைத்துவிட்டு மறுபடி கொண்டுவருவார்கள். பதினெட்டு. அடுத்த வெயிலுக்குப் பதினாறரை. "இறங்கிடுச்சு, கொண்டுபோய்ப் போடு" என்று நான் சொல்லும்போது, நெல்லைக் காயவைத்ததே நான்தான் என்பதுபோல ஒரு கம்பீரம் வரும். இப்படிப் பல வருடம் எண் இறங்குவதைப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்ட மனுஷன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் செய்த காரியத்துக்கு இதைவிட நல்ல சமாதானம் என்னிடம் இல்லை.

எனக்கு முட்டிவலி. நடவும் அறுப்பும் மெஷின் என்று ஆனபிறகு முட்டிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். வரப்பில் நின்று மெஷின்காரரை அதட்டுகிற வேலை எனக்குத்தானே. வலி வந்தால் கடைத்தெரு மெடிக்கலில் போய் நின்றாலே போதும், வாயைத் திறப்பதற்கு முன்பே மாத்திரையை எடுத்து வைத்துவிடுவார்கள். காலையில் ஒன்று, வலி அடங்காவிட்டால் சாயங்காலம் ஒன்று. காப்பி மாதிரி பழகிவிட்டது. பிரஷருக்கும் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதைத் தலை சுற்றினால் மட்டும் போடுவேன். தினமும் போட வேண்டியதை எப்போதாவதும், எப்போதாவது போட வேண்டியதைத் தினமும் போட்டுக்கொண்டு நான் நன்றாகத்தான் இருந்தேன்.

வலி முற்றியபோது கும்பகோணத்தில் எலும்பு டாக்டரிடம் போனேன். முட்டியில் ஊசி போடுவதற்கு முன்னால் ரத்தப் பரிசோதனை வேண்டும் என்றார். ரிப்போர்ட்டைப் பார்த்தவர் முட்டியை விட்டுவிட்டார். "கிட்னி டாக்டர் ஒருத்தரைப் பாத்துட்டு வாங்க. அதுவரைக்கும் வலி மாத்திரையைத் தொடாதீங்க" என்றார். எனக்கு மகா கோபம். முட்டிக்குப் போனால் முட்டியைப் பார்க்க வேண்டும். மோட்டார் ரிப்பேர் என்று கூப்பிட்டால் வந்தவர் கரண்ட் கம்பம் சரியில்லை என்கிறாரே என்று வழியெல்லாம் பொருமிக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரிப்போர்ட்டை நானே ஆராய்ந்தேன். எண் பார்க்கத் தெரிந்தவனுக்கு நெல்லாக இருந்தால் என்ன, ரத்தமாக இருந்தால் என்ன? கிரியாட்டினின் என்று ஒன்று. 1.6 என்று போட்டு, பக்கத்தில் 1.3 வரை இருக்கலாம் என்று அச்சடித்திருந்தது. அதற்குக் கீழே இ.ஜி.எஃப்.ஆர். என்று இன்னொன்று. அது ஐம்பது. பக்கத்தில் 90 என்று ஏதோ குறி. ஆக, புள்ளி மூன்றுதான் கூடுதல். புள்ளி மூன்றுக்கெல்லாம் கொள்முதல் நிலையத்தில்கூட யாரும் நெல்லைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். கொஞ்சம் பேசினால் எடுத்துக்கொள்வார்கள். அறுவடை முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று ரிப்போர்ட்டை மீட்டர் பெட்டிக்குள் வைத்தேன்.

என் மனைவி அப்படி விடவில்லை. பக்கத்து ஊரில் அவளுக்குச் சொந்தக்காரர் ஒருவர் வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போய்வருகிறார். அவர் வீட்டில் மற்ற எல்லா வேலையும் அந்த மூன்று நாளைச் சுற்றித்தான் நடக்கும். கிட்னி என்ற சொல்லைக் கேட்டதும் அவள் முகம் வாடிவிட்டது.

"என்னங்க போட்டிருக்கு அதுல?"

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் ஏறியிருக்கு. இறங்கிடும்."

"இறங்கணுமா?"

"பின்ன? எதுவா இருந்தாலும் இறங்கணும்."

அவ்வளவுதான் நான் கொடுத்த வைத்திய விளக்கம். அதை அப்படியே எடுத்துக்கொண்டு போய் எங்கள் ஊர் மாரியம்மன் முன்னால் நின்றாள். இவர் நம்பர் இறங்குகிறவரை நான் உப்பில்லாமல் சாப்பிடுகிறேன், இறங்கியதும் உனக்கு உப்பும் மிளகும் கொட்டுகிறேன் என்று வேண்டிக்கொண்டு வந்தாள். எங்கள் பக்கத்துப் பெண்கள் புருஷன், பிள்ளைகளுக்கு உடம்புக்கு வந்தால் இப்படி நேர்ந்துகொள்வது உண்டு. அன்றிலிருந்து அவளுக்குத் தனிச் சோறு, தனிக் குழம்பு. இரண்டிலும் ஒரு கல் உப்பு கிடையாது.

இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. கிட்னி கெட்டவன் நான். நல்ல கிட்னி உள்ளவள் எதிரே உட்கார்ந்து வெறும் சப்பென்ற சோற்றை முழுங்குகிறாள். நான் தயிர்ச்சாதத்துக்கு உப்பு நார்த்தங்காய் ஒரு துண்டு, அது தீர்ந்தால் இன்னொரு துண்டு, மோர்மிளகாய், ஞாயிற்றுக்கிழமை கருவாடு என்று வெளுத்துக் கட்டுகிறேன். "குழம்புல கொஞ்சம் உப்பு கம்மி" என்று ஒருநாள் அவளிடமே குறை சொன்னேன். அவளால் ருசி பார்க்க முடியாதே என்ற நினைப்புகூட எனக்கு இல்லை. அவள் உப்பு டப்பாவை என் பக்கம் நகர்த்தினாள்.

இன்னொரு பெருமையும் இருக்கிறது. அந்தச் சமயத்தில் சிறுநீர் நுரை நுரையாகப் போகும். தண்ணீர் ஊற்றினாலும் சட்டென்று அடங்காது. பாத்ரூம் கழுவும் பவுடரை அவள் அளவில்லாமல் கொட்டுவதுதான் காரணம் என்று முடிவுகட்டி, "காசு என்ன மரத்துலயா காய்க்குது" என்று சத்தம் போட்டேன். பாவம், அவள் பவுடரைக் குறைத்தாள். நுரை குறையவில்லை. பிராண்டை மாற்றச் சொன்னேன்.

அறுவடை முடிந்தது. மறுபடி ரத்தம் கொடுக்கப் போக வேண்டும். நெல்லை எடுத்துப்போகும் முன்பு நாங்கள் செய்கிற காரியம் ஒன்று உண்டு. குவியலின் மேலே உள்ளதை மட்டும் இன்னொரு வெயில் காட்டி மொறுமொறு என்று வைத்திருப்போம். சாம்பிளுக்குக் கையை விட்டு அள்ளுகிறவர் மேலாக அள்ளினால் பிழைத்தோம். அதேபோல என்னையும் தயார் செய்துகொண்டேன். எலும்பு டாக்டர் சொன்னதைக் காற்றில் விட்டுவிட்டு மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கியவன், பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்னால் நிறுத்தினேன். கறி இல்லை, கருவாடு இல்லை. விடியற்காலையில் செம்பு செம்பாகத் தண்ணீர். லேபில் கையை நீட்டும்போது, மேலே அள்ளட்டும் என்றுதான் மனசுக்குள் நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வந்தது. கிரியாட்டினின் 1.6-லிருந்து 1.9. ஒரு நிமிடம் திக்கென்றது. அடுத்த வரியைப் பார்த்தேன். இ.ஜி.எஃப்.ஆர். ஐம்பதிலிருந்து நாற்பது! கணக்கில் நான் ஒருபோதும் சோடை போனதில்லை. ஒரு பக்கம் புள்ளி மூன்று ஏறியிருக்கிறது. இன்னொரு பக்கம் முழுசாகப் பத்து இறங்கியிருக்கிறது. ஏறியதைக் கழித்துப் பார்த்தாலும் ஒன்பதுக்கு மேல் லாபம். ஒரே வெயிலில் பத்து புள்ளி இறங்கிய நெல்லை என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை.

"இறங்கிடுச்சு!" என்று வாசலிலிருந்தே கத்தினேன்.

அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். "நெசமாவா?"

"அம்பது இருந்துச்சுல்ல? இப்ப நாப்பது. இப்புடியே போனா அடுத்த தடவ முப்பது. டாக்டரும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுநாள் வெள்ளிக்கிழமை. ஒரு பை உப்பும் மிளகும் வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் கோயிலுக்குப் போனோம். அவள் கொட்டினாள். நான் பக்கத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெற்றி பெற்ற வேட்பாளர் மாதிரி வருகிறவர்கள் போகிறவர்களிடம் எல்லாம் விவரம் சொன்னேன். வீட்டுக்கு வந்து உப்புப் போட்ட சாம்பார் சோற்றை முதல் வாய் வைத்தபோது அவள் கொஞ்ச நேரம் மெல்லாமல் வாயிலேயே வைத்திருந்தாள்.

கோயம்புத்தூரில் இருக்கும் மகளுக்கும் சேதி சொன்னேன். "குறைஞ்சிருக்கும்மா" என்றேன். அவளும் கிரியாட்டினினைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டாள். எதற்கும் அந்த ரிப்போர்ட்டை அனுப்பிவையுங்கள் என்றாள். பெருமையாக அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

"அப்பா, எதுப்பா குறைஞ்சிருக்கு?"

"கீழ உள்ளது. பெரிய நம்பர்."

அவள் டக்கென்று போனை வைத்தாள். அரை மணியில் மறுபடி கூப்பிட்டு, "தஞ்சாவூர்ல கிட்னி டாக்டர்கிட்ட அப்பாயின்ட்மென்ட் போட்டுட்டேன். திங்கக்கிழம போறீங்க. வேற எதுவும் பேசாதீங்க" என்று வைத்துவிட்டாள். பாராட்டு வாங்கிவரத்தான் அனுப்புகிறாள் என்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

கிட்னி டாக்டர் நடு வயதுப் பெண்மணி. இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நான் முந்திக்கொண்டேன்.

"பத்து இறங்கியிருக்கு மேடம். நானாத்தான், மருந்து மாத்திரை எதுவும் இல்லாம."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இறங்கினா நல்லதுன்னு யாருங்க சொன்னா உங்களுக்கு?"

வேறு வழியில்லாமல் கொள்முதல் நிலையம், பதினேழு, மீட்டர் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"எங்கப்பாவும் சீர்காழி பக்கம் விவசாயந்தாங்க. எனக்குப் புரியுது. ஆனா நீங்க இத ஈரப்பதமா எடுத்துக்கக் கூடாது. கண்டுமுதலா எடுத்துக்கணும். போன வருஷம் ஒரு மா நெலத்துக்குப் பத்து மூட்டை கண்டீங்க, இந்த வருஷம் எட்டு. கோயிலுக்குப் போவீங்களா?"

நான் ஏற்கெனவே போய்வந்துவிட்டதைச் சொல்லவில்லை.

அதன்பிறகு அவர் நிதானமாக விளக்கினார். தசையில் தினமும் சேரும் கழிவுதான் கிரியாட்டினின். கிட்னி அதை வடிகட்டி வெளியே அனுப்ப வேண்டும். வடிகட்டும் வேலை சுணங்கினால் அது ரத்தத்தில் தங்கிக் கூடும். அதனால் அது கூடினால் கெட்டது. அந்த அளவையும் வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் வைத்து, கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்று கணக்குப் போட்டு எடுக்கிற எண்தான் இ.ஜி.எஃப்.ஆர். அது குறைந்தால் கெட்டது. ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். இரண்டும் ஒரே சேதியைத்தான் சொல்கின்றன. அந்த இரண்டையும்தான் நான் எதிரெதிரே நிறுத்தி லாபக் கணக்குப் போட்டிருக்கிறேன்.

"தொண்ணூறுக்கு மேல இருந்தா நல்லது. அறுபதுக்குக் கீழ போய் மூணு மாசத்துக்கு மேல அப்புடியே இருந்தா நாள்பட்ட கிட்னி நோய்னு சொல்லுவோம். அத அஞ்சு படியாப் பிரிச்சிருக்கு. நீங்க மூணாவது படியில நிக்கிறீங்க. அதுலயும் கீழ்ப்பாதி. பதினஞ்சுக்குக் கீழ போனா கடைசிப் படி. டயாலிசிஸ் பேச்செல்லாம் அங்க வரும்."

அடுத்த தடவை முப்பது என்று வீட்டில் கூவியது நினைவுக்கு வந்தது. எவ்வளவு ஆசையாகக் கூவினேன். பயம் என்றால் அதுதான் பயம்.

சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்கவும் எழுதிக் கொடுத்தார். "நுரை நுரையாப் போகுமா?" என்று கேட்டார். பவுடர் சண்டையை எல்லாம் விழுங்கிக்கொண்டு, "ஆமாங்க" என்று மட்டும் சொன்னேன். அன்றைக்கே பார்த்ததில் புரதம் போவது தெரிந்தது.

"மருந்து சாப்பிட்டா பழையபடி ஆயிடுமா மேடம்?"

"வலி மாத்திரைய இன்னையோட நிறுத்துங்க. பிரஷர் மாத்திரைய தினம் போடுங்க. உப்பைக் குறைங்க. நாட்டு மருந்துன்னு எதையாவது அரைச்சுக் குடிக்காதீங்க. டெஸ்டுக்கு முன்னாடி குடம் குடமா தண்ணி குடிச்சு என்னைய ஏமாத்த வேணாம், தாகத்துக்குக் குடிச்சா போதும். கொஞ்சம் ஏறி வரலாம், வராமலும் போகலாம். போனத நெனச்சு ஒண்ணும் ஆகாது. இருக்கிறத இறங்காம நிறுத்துவோம். அதுதான் நம்ம வேலை."

குடவாசல் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வந்தேன். ரோட்டில் யாரோ கடைசி நெல்லைக் காயவைத்துக் காலால் கிளறிக்கொண்டிருந்தார்கள். எனக்கு டயாலிசிஸ் பயத்தைவிடப் பெரிய பயம், வீட்டில் என்ன சொல்வது என்பதுதான். மாசக்கணக்கில் உப்பில்லாமல் தின்று அவள் வேண்டியது அப்படியே பலித்திருக்கிறது. நம்பர் இறங்க வேண்டும் என்றாள். அம்மன் இறக்கிவிட்டாள். கேட்டதைக் கொடுத்த சாமியைக் குறை சொல்ல முடியுமா? தப்பாகக் கேட்கச் சொன்னவன் நான். பஸ்ஸில் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக் கொஞ்சம் அழுதேன். பக்கத்தில் இருந்தவர் ஜன்னலைச் சாத்தினார், தூசி விழுந்துவிட்டது என்று நினைத்திருப்பார்.

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப இறங்கக் கூடாதா?" என்றாள்.

"கூடாது."

"நீங்கதான இறங்கணும்னீங்க?"

"ஆமா."

அவள் எழுந்து உள்ளே போனாள். நார்த்தங்காய் ஜாடி, மோர்மிளகாய் டப்பா, கருவாட்டுப் பொட்டலம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். அந்த ஜாடி போன திசையை நான் பார்த்த பார்வையை, மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பியபோதுகூடப் பார்த்திருக்க மாட்டேன்.

அன்றிலிருந்து மாத்திரை நின்றது. முட்டிவலிக்கு வெந்நீர் ஒத்தடம். வரப்பில் நின்று அதட்டுவதை நாற்காலி போட்டு உட்கார்ந்து அதட்டுவதாக மாற்றிக்கொண்டேன். மூன்று மாதம் கழித்து ரத்தம் கொடுக்கப் போனபோது முதல்முறையாக ஒரு தில்லுமுல்லும் செய்யவில்லை. நாற்பத்தொன்று என்று வந்தது. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துத் தலையாட்டினார். "நல்லா நிக்குது" என்றார். ஒன்று கூடியிருக்கிறதே என்று நான் ஆரம்பித்ததும், "அந்த ஒண்ண வச்சு கோயிலுக்கெல்லாம் போயிடாதீங்க, அது அங்கயும் இங்கயும் ஆடும்" என்றார். நான் போய்வந்த கதையை மகள் சொல்லியிருக்க வேண்டும்.

இறங்கினால் சந்தோஷப்பட்டுப் பழகியவனுக்கு, அப்புறம் ஏறினால் சந்தோஷம் என்று புரிந்துகொள்ளவே பெரும்பாடு. இப்போது ஏறாமல் இறங்காமல் இருப்பதற்குச் சந்தோஷப்பட வேண்டுமாம். சரி என்று அதற்கும் சந்தோஷப்பட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

சாப்பிட உட்கார்ந்தோம். எனக்கு உப்புக் குறைத்த ரசம், கத்தரிக்காய்க் கூட்டு. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னாரே தவிர அடியோடு விடச் சொல்லவில்லை, அதனால் என் பங்கில் பெயருக்குக் கொஞ்சம் இருக்கும். அவளே என் கிண்ணத்தில் உப்பைப் போட்டுக் கலக்குவாள். அன்றைக்கு அவள் அடுப்படிக்குப் போன நேரம் என் கிண்ணம் கைக்கு எட்டவில்லை; பக்கத்தில் இருந்த அவள் கிண்ணத்திலிருந்து சோற்றில் ஒரு கரண்டி ஊற்றிக்கொண்டேன். வாயில் வைத்ததும் தெரிந்தது. அதில் ஒரு கல் உப்பு இல்லை.

"மறுபடியும் வேண்டிக்கிட்டியா?" என்றேன் அவள் வந்ததும்.

அவள் தன் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"எப்பலேருந்து?"

"நீங்க தஞ்சாவூர்லேருந்து வந்த அன்னையிலேருந்து."

"இந்தத் தடவ என்னான்னு வேண்டியிருக்க? ஏறணும்னா? அது அவ்வளவா ஏறாதாம். நீ பாட்டுக்கு ஆயுசு பூரா உப்பில்லாம கெடக்கப் போற."

அவள் என் தட்டில் இருந்த கூட்டைச் சரிசெய்தாள்.

"ஏறணும் இறங்கணும்னெல்லாம் எதுவும் சொல்லலங்க. உங்களுக்கும் அது தெரியல, எனக்கும் தெரியல. நீங்க இருக்கணும்னு மட்டுந்தான் சொல்லியிருக்கேன்."

நான் ரசத்தைக் கலக்கிக்கொண்டே இருந்தேன். அப்புறம் என் கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளிவிட்டு, அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டேன். அவளும் விடவில்லை, பிடுங்கினாள். பாதி ரசம் தட்டில் கொட்டியது. மீதியை இரண்டு பேரும் அப்படியே ஊற்றிச் சாப்பிட்டோம்.